"பார்வை நல்லாத்தானே இருக்கு?"

காட்டாங்குளத்தூரில் மின்சார ரயில் ஏறினால் தாம்பரம் வருவதற்குள் யாராவது ஒரு பெரியவர் "எனக்கு ஃபாஸ்டிங் 140தான்" என்று பெருமை பேசுவார். சரி சார், கண்ணுக்கு சொட்டு மருந்து விட்டு விழித்திரையை கடைசியா எப்ப பார்த்தீங்க? "பார்வை நல்லாத்தானே இருக்கு!"

மக்களே, இந்த பதில் மாதிரி ஆபத்தான பதில் வேறு இல்லை.

மூளையில் இருப்பது போலவே விழித்திரையின் ரத்தக்குழாய்களிலும் சுவர் செல்கள் இடைவெளி இல்லாமல் இறுக ஒட்டியிருக்கும். பெரிசைட் என்ற செல்கள் அவற்றை வெளியிலிருந்து அணைத்துப் பிடித்திருக்கும். இது உள் தடுப்பு. விழித்திரைக்குப் பின்னால் ஒரே வரிசையில் நிற்கும் நிறமி செல்கள் வெளித் தடுப்பு. ரத்தத்தில் ஓடும் கண்டதும் நரம்புத் திசுவுக்குள் நுழையாதபடி காவல் காப்பது இந்த இரண்டும்தான். வருஷக்கணக்கில் சர்க்கரை ஏறிக்கிடந்தால் பெரிசைட்கள் சாகின்றன, குழாய் அங்கங்கே குட்டி பலூன் மாதிரி புடைக்கிறது. ஆக்சிஜன் பற்றாத திசு வி.ஈ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்க, அது செல்களுக்கு நடுவே இருக்கும் ஒட்டைத் தளர்த்திவிடும். அப்புறம் என்ன, நீரும் கொழுப்பும் கசிய வேண்டியதுதான். வலி? கிடையாது. கசிவு நடுப்பார்வைப் பகுதியான மேக்குலாவைத் தொடும்வரை எழுத்து அப்படியே பளிச்சென்று தெரியும். கண்ணாடிக் கடையில் "பவர் மாறல சார்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பவருக்கும் இதற்கும் என்னய்யா சம்பந்தம்?

ஏதோ அபூர்வ வியாதி என்று நினைக்காதீர்கள். 2005-ல் வெளியான சென்னை 'க்யூர்ஸ்' ஆய்வில் சர்க்கரை உள்ளவர்களில் 17.6 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிப்பு இருந்தது. சங்கர நேத்ராலயா சென்னையில் நடத்திய ஆய்விலும் 18 சதவீதம். ஆறில் ஒருத்தர்!

"அதான் ஊசி இருக்கே" என்று சிலர் வருவார்கள். இருக்கிறது. வி.ஈ.ஜி.எஃப்.-ஐ அடக்கி கசிவை வற்றவைக்கும் ஊசி, திரும்பத் திரும்பப் போட வேண்டும். செத்துப்போன நரம்பு செல்லை அது எழுப்பாது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, நல்ல திட்டம். ஆனால் மாத்திரையை வாங்கி வைத்ததோடு கடமை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகிறோமே, அதைத்தான் கேட்கிறேன்.

டைப் 2 என்றால் கண்டுபிடித்த உடனே விழித்திரையைப் பார்க்க வேண்டும், பிறகு வருஷா வருஷம். டைப் 1 என்றால் ஐந்து வருஷத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். இந்த செமஸ்டர் லீவில் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிப் போங்கள். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், மங்கலாகத் தெரியும். திரும்பி வரும்போது வண்டியை நீங்களே ஓட்டுங்கள் :-)