மழையில் நிற்கும் லோரியும் ஓட்டுநர் தலையில் விழும் பழியும்

மழை பெய்தால் நிற்கிறது. மழை விட்டால் ஓடுகிறது. இத்தகைய லோரி ஒன்று நம் தோழர் ஒருவரைப் பொய்யராக்கிவிட்டது. தோட்டத்தின் பெயரையும் தோழரின் பெயரையும் இங்கே எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறோம். ஏனெனில் இது எந்தத் தோட்டத்திலும் நடக்கக்கூடியது.

கட்டிப்பால் ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் புறப்பட்ட அந்த லோரி, சுபாங் ஜெயாவில் பிற்பகல் இடிமழையில் மாட்டிக்கொண்டது. இன்று மாடி வீடுகளும் கடைத்தொகுதிகளுமாக நிற்கும் அந்த இடம் ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டம் என்பதை நம் மூத்த தோழர்கள் அறிவார்கள். 1970-களில்தான் அங்கே வீடமைப்பு தொடங்கியது. நம்மவர்கள் பால் வெட்டிய மண்ணிலேயே நம்மவர் ஒருவர் லோரியோடு நனைந்துகொண்டு நின்றார்!

இஞ்சின் இரண்டு முறை திணறி அணைந்தது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது. இஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. தோழர் சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் வைத்துவிட்டு ஆபீசுக்குப் போன் செய்தார். மூன்று மணி நேரம் கழித்து மெக்கானிக் வந்தபோது மழை விட்டு வெயில் அடித்தது. ஒரே திருப்பில் லோரி கிளம்பிவிட்டது! மெக்கானிக் என்ன எழுதுவார்? "பழுது ஒன்றுமில்லை" என்று எழுதினார். அந்தச் சொற்கள் போதுமானவையாக இருந்தன. மூன்று மணி நேரச் சம்பளம் பிடிக்கப்பட்டது. வேலை நேரத்தில் வீணே நின்றதாக எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. இரண்டாம் முறையும் இதே கதைதான்.

மூன்றாவது முறை தோழர் நம்மிடம் வந்தார். அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு நாமும் சென்றோம். அன்று நல்ல வெயில். "காய்ந்த வண்டியில் ஈரத்தின் பழுதைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?" என்று சொல்லி, பூச்செடிக்கு நீர் தெளிக்கும் குப்பியொன்றைக் கேட்டு வாங்கினார் அவர். இஞ்சினை ஓடவிட்டு, மின்விசிறிக்குக் கை எட்டாத தூரத்தில் நின்று, கொதிக்கும் புகைக்குழாய்ப் பக்கம் போகாமல், ஒயர் இணைப்புகளில் ஒவ்வொன்றாகத் தண்ணீர் தெளித்தார். ஐந்தாவது இணைப்பில் இஞ்சின் திணறியது, அணைந்தது.

அது டீசலைத் திறந்து மூடும் சொலினாய்டு வால்வின் பிளக். அந்த வகை இஞ்சினில் மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரைதான் வால்வு திறந்திருக்கும். மின்சாரம் தடைப்பட்டால் டீசலும் நின்றுவிடும். பிளக்கின் மேலிருந்த ரப்பர் உறை வெடித்துக் கிடந்தது. உள்ளே பித்தளைக் கம்பிகள் பச்சைக் களிம்பேறி இருந்தன. நனைந்தால் தொடர்பு அறும்; இஞ்சினின் சூட்டில் காய்ந்தால் திரும்ப வரும். உலகத்துக்கே ரப்பர் கொடுத்த இனத்தவரின் சம்பளத்தை ஒரு சிறு ரப்பர் உறை பிடுங்கிக்கொண்டது! இக்காலத்தில் அது செயற்கை ரப்பராக இருக்கலாம். சம்பளம் போனது போனதுதானே?

பெட்ரோல் வண்டியில் இந்த நோய் வேறு இடத்தில் இருக்கும். இக்னிஷன் காயில், 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக்கித் தீப்பொறிக்கு அனுப்புகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை வெடிப்போ, ஒயரில் கிழிசலோ இருந்து, அதில் ஈரமும் படிந்தால் அந்த மின்சாரம் பிளக்கைச் சேராமல் வழியிலேயே கசிந்து இரும்பில் இறங்கிவிடும். பால்வெட்டும் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு மரமெங்கும் வழிகிறது, மங்கில் விழுவதில்லை. அதுபோலவே இதுவும். இருட்டில் இஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். கையால் மட்டும் தொடக் கூடாது.

ஸ்டார்ட்டரே சுற்றவில்லையென்றால் பேட்டரி முனை, தரைக்கம்பி, ஸ்டார்ட்டர் ஒயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சுற்றியும் பிடிக்காத டீசல் வண்டியில், மின் இணைப்புகளோடு எண்ணெய்த் தொட்டி மூடி வழியே மழைநீர் இறங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பில்டரின் அடியிலுள்ள திருகைத் திறந்தால் முதலில் வருவது தண்ணீரா டீசலா என்பது தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். வெள்ளத்தில் இறங்கி நின்றுபோன வண்டியைத் திரும்பக் கிளப்ப முயலாதீர்கள். காற்று இழுக்கும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்திருந்தால், காற்றைப்போல் அது அமுங்கிக்கொடுக்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவும் கிள்ளான் வட்டாரமும் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. "எப்படியாவது கிளப்பிக்கொண்டு வா" என்று போனில் சொல்லும் மேலதிகாரி, இஞ்சின் போனபிறகு அப்படிச் சொன்னதை ஒப்புக்கொள்வாரா?

இனி கிராணிமார்களுக்கு. அந்தத் தோட்டத்தின் வண்டிப் புத்தகத்தை நாம் பார்த்தோம். மூன்று சம்பவங்களுக்கும் "லோரி தாமதம்" என்பதற்கு மேல் ஒரு வரி இல்லை. மழை என்ற சொல்லே இல்லை! ஓட்டுநர் போனில் சொன்னது அனைத்தும் காற்றோடு போயிற்று. கிராணியார் தீய எண்ணத்தில் அப்படி எழுதினார் என்று நாம் சொல்ல மாட்டோம். அவருக்கும் பத்து வேலை. ஆனால் எத்தனை மணிக்கு நின்றது, அப்போது மழையா, சாலையில் தண்ணீர் தேங்கியிருந்ததா, ஸ்டார்ட்டர் சுற்றியதா, எப்போது தானாகக் கிளம்பியது என்று போன் வந்த அந்நேரமே எழுதி வைத்திருந்தால், மூன்று நாளும் மழை நாள் என்பதை மெக்கானிக்கே கண்டுகொண்டிருப்பார். மழையில் நின்று காய்ந்ததும் ஓடுவதே அந்தப் பழுதின் அடையாளம். அதையே பழுதில்லை என்பதற்குச் சாட்சியாக்கிவிட்டார்கள். ஓட்டுநர்களும் கையில் போன் இருக்கும் இக்காலத்தில், ஸ்டார்ட்டர் சுற்றும் சத்தத்தையும் கொட்டும் மழையையும் ஒரு நிமிடம் படமெடுத்து அனுப்பிவிட்டுப் பிறகு காத்திருக்கலாம்.

நிர்வாகத்துக்கும் சொல்ல வேண்டியது உண்டு. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, சம்பளத்தில் எவற்றைப் பிடிக்கலாமென்று வரையறுத்திருக்கிறது. நினைத்ததையெல்லாம் பிடிக்க அதில் இடமில்லை. 14-ஆம் பிரிவு, ஒழுங்கீனத்துக்காகத் தண்டிப்பதற்குமுன் முறையான விசாரணை வேண்டும் என்கிறது. இந்தத் தோழரை யாரும் விசாரிக்கவில்லை. மேலும், வேலைக்குத் தரும் இயந்திரங்களைப் பாதுகாப்பான நிலையில் பராமரிப்பது முதலாளியின் கடமை என்று 1994-ஆம் ஆண்டுத் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் கூறுகிறது. கனரக வண்டிகள் பறக்கும் நெடுஞ்சாலை ஓரத்தில், கண் மறைக்கும் மழையில், செத்த லோரியோடு மூன்று முறை நிற்கவைத்தது எந்த வகைப் பாதுகாப்பு? பின்னால் வந்த ஒரு டிரெய்லர் பிரேக் பிடிக்காமல் போயிருந்தால் இன்று வேறு செய்தியை எழுதிக்கொண்டிருப்போம்.

பிளக்கும் உறையும் மாற்றப்பட்டுவிட்டன. அதன்பின் இரண்டு பெருமழை பெய்தும் லோரி நிற்கவில்லை. பிடித்த சம்பளத்தைத் திருப்பித் தரும்படியும், இரண்டு எச்சரிக்கைக் கடிதங்களையும் கோப்பிலிருந்து நீக்கும்படியும், மெக்கானிக்கின் அறிக்கையை இணைத்து எழுதியிருக்கிறோம். சம்பளம் வந்துவிட்டது. கடிதங்கள் இன்னும் கோப்பில்தான் இருக்கின்றன.