'கேஸ்தான்' என்று யார் சொன்னது?



நம் வீடுகளில் நெஞ்சு வலிக்கு முதல் வைத்தியம் சோடாதான். ராத்திரி சாப்பிட்ட பிரியாணி, சாயங்கால வடை என்று காரணமும் கையோடு இருக்கும். ஒருவர் ஓமத்தைக் கொதிக்க வைக்க, இன்னொருவர் முதுகைத் தடவிவிட, ஏப்பம் ஒன்று வந்துவிட்டால் வீடே நிம்மதியாகப் படுத்துவிடும்.

எங்கள் பெரியம்மாவுக்கும் அப்படித்தான் ஆயிற்று. 62 வயது, பல வருடமாகச் சர்க்கரை. நெஞ்சு வலி என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. "மேல் வயித்துல என்னமோ பண்ணுது, தாடை கடுக்குது" என்றார். ஜெலுசில் கொடுத்தோம். "இப்போ தேவலை" என்றார். அரை மணி கழித்துப் பார்த்தால், ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறார், ஜாக்கெட் தொப்பலாக நனைந்திருக்கிறது. அந்த வியர்வைதான் எங்களைக் கிளப்பியது. 108-க்குப் போன் போட்டோம்.

நெஞ்சு வலி என்று வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுத்துவிட வேண்டும் என்பது எமர்ஜென்சியில் பொதுவான விதி. பெரியம்மாவுக்கும் எடுத்தார்கள். பெரிதாக எதுவும் தெரியவில்லை. 'அப்பாடா, கேஸ்தான்' என்று நான் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டேன். டியூட்டி டாக்டர் விடவில்லை. மறுபடி ஒரு இசிஜி. ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை, சில மணி நேரத்தில் அதுவே இன்னொரு தடவை. அந்த இரண்டாவது ரிப்போர்ட்டில்தான் மாரடைப்பு பிடிபட்டது. இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசிகிற புரதம்தான் ட்ரோபோனின். ஏறுவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

"ஜெலுசில் குடிச்சதும் குறைஞ்சுதே டாக்டர்?" என்று கேட்டேன். "அதை வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாதுங்க. ஹார்ட் வலியும் ஏறி இறங்கும்" என்றார்.

கருவிகளோடு இருப்பவர்களுக்கே இவ்வளவு நேரம் பிடிக்கிறது. அடுப்படியில் நின்றுகொண்டு நாம் எப்படித் தீர்ப்புச் சொல்கிறோம்?

நெஞ்சுக்குள் இதயம் மட்டுமா இருக்கிறது? படுத்தால் கூடி, முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் குறைகிற வலி, இதயத்தின் உறையில் வந்த அழற்சியாக இருக்கலாம். ஆபரேஷனுக்கோ நீண்ட பயணத்துக்கோ பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி, மூச்சும் வாங்கினால், நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்று தேடுவார்கள். ஒரு பக்கமாக எரிந்து, சில நாளில் கொப்புளம் கிளம்பினால் அக்கி. விலாவில் விரலை வைத்து அழுத்தினால் அதே வலி வருகிறதா? தசையாகவோ குருத்தெலும்பாகவோ இருக்க வாய்ப்பு அதிகம்; ஆனாலும் அதை மட்டும் நம்பி எந்த டாக்டரும் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது மகாதமனி என்கிற பெரிய ரத்தக்குழாயில் வரும் கிழிசல். சட்டென்று, முதுகு வரை கிழிப்பதுபோல வலிக்கும். மாரடைப்பில் உயிர் காக்கிற ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி, இதில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். இரண்டு கையிலும் பிபி பார்க்கிறார்களே, ஒரு கை போதாதா என்று நினைத்திருப்பீர்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் கிழிசலோ என்ற சந்தேகம்தான் முதலில் வரும்.

எல்லா டெஸ்டும் எடுத்து, 'ஒண்ணுமில்லை, கேஸ்' என்று அனுப்பினால் நமக்குக் கோபம் வருகிறது. பில்லைப் பார்த்தால் எனக்கும்தான் வரும். ஆனால் 'கேஸ்' என்று தைரியமாகச் சொல்வதற்குத்தானே அத்தனை டெஸ்டும்?

பெரிய ஆஸ்பத்திரி தூரமாக இருக்கிறதா? தமிழ்நாட்டில் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான லோடிங் டோஸ் (முதலில் கூடுதல் அளவில் தரும்) மாத்திரைகளைக் கொடுத்துத்தான் மேலே அனுப்புகிறார்கள். ஆனால் அங்கே போவதென்றாலும், பைக்கில் இரண்டு பேருக்கு நடுவே உட்காரவைத்து மட்டும் கூட்டிப்போகாதீர்கள்.

"எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" என்று டாக்டர் கேட்டபோது நாங்கள் மூன்று பேர் மூன்று நேரம் சொன்னோம். கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும், பழைய இசிஜி இருந்தால் அதையும் எடுத்துப்போங்கள். புதியதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்தப் பழைய இசிஜியை இன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிடுங்கள். பெரியம்மாவின் பழைய இசிஜி எங்கள் பீரோவில் பத்திரமாகத்தான் இருந்தது, கோடெல்லாம் மங்கி வெறும் ரோஸ் கட்டம் மட்டும் மிச்சமாக.

அன்புடன்,
ஆசிரியர்