தறி வீட்டு மணி பிளான்ட்: வெள்ளை எங்கே போனது?

கண்ணமங்கலத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டு முன்கட்டில் ஒரு பட்டுத் தறி, ஊருக்கு வெளியே முக்கால் ஏக்கர் நிலம். கணவர் தறியில் உட்காருகிறார், மாமியார் தார் சுற்றுகிறார், நிலத்தையும் இரண்டு ஆடுகளையும் வாசகி பார்த்துக்கொள்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் தெருவில் வந்த நர்சரி வண்டியில் வெள்ளையும் பச்சையும் கலந்த ஒரு மணி பிளான்ட் வாங்கியிருக்கிறார்கள். அதிலிருந்து கிள்ளிக் கிள்ளி, இன்று தறி அறையைச் சுற்றி ஏழெட்டு கண்ணாடிப் பாட்டில்களில் கொடி தொங்குகிறது.

கேள்வி இதுதான். வாங்கியபோது இலையில் பாதி வெள்ளையாக இருந்தது. இப்போது வருகிற இலையெல்லாம் முழுப் பச்சை, அளவும் சிறுத்துவிட்டது. இலைக்கும் இலைக்கும் நடுவே கொடி வெறுமனே நீளுகிறது. பழைய இலைகளின் வெள்ளைப் பகுதி ஓரத்தில் பழுப்பாகிறது. கணவர் ஒரு சிட்டிகை யூரியா போட்டுப் பார்த்தார், இரண்டு பாட்டிலில் இருந்தது அழுகிப்போனது. வெள்ளை போனால் வீட்டிலிருந்து வெள்ளி போன மாதிரி என்கிறார் மாமியார். தறி வேலை குறைந்திருக்கிற நேரம் என்பதால் அந்தப் பேச்சு வீட்டில் எடுபடுகிறது.

பயிர்க் கேள்விகளுக்கு நடுவே இது வெறும் அழகுச் செடிக் கேள்விதானே என்று ஒதுக்கியிருக்கலாம். மூன்றாம் பக்கம் ஒதுக்கவிடவில்லை. மழை முடிந்த சமயத்தில் வீட்டின் இரண்டு பிள்ளைகளுக்கும் அடுத்தடுத்துக் காய்ச்சல். கொசு ஒழிப்புக்கு வீடு வீடாக வரும் பெண் பணியாளர் பாட்டில்களைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். மூன்றில் புழு நெளிந்தது. எல்லாத் தண்ணீரையும் முற்றத்தில் கொட்டிவிட்டுப் போனார். செடியைக் கொட்டினது போல மாமியார் இரண்டு நாள் சாப்பிடவில்லை. செடி வேண்டுமா வேண்டாமா என்று வீடு இரண்டாக நிற்கிறது.

செடி இருக்கலாம். பாட்டில்கள்தான் போக வேண்டும்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கி நிற்கும் தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும். மணி பிளான்ட் பாட்டில் அதற்குக் கட்டிக்கொடுத்த வீடு மாதிரி. முட்டை கொசுவாகிப் பறக்க நம் ஊர் வெயிலில் ஏழு முதல் பத்து நாள் போதும். இந்தக் கொசு பகலில் கடிக்கும், இருட்டான மூலையில் பதுங்கும். தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டுப் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பவரைவிட அதற்கு வசதியான ஆள் வேறு யார்? பிள்ளைகளுக்கு வந்தது டெங்குதானா என்று கடிதத்தில் இல்லை. எதுவாக இருந்தாலும் பணியாளர் செய்தது சரியான வேலை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஏடிஸ் தன் முட்டைகளைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை அங்கேயே இருக்கும். காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் கொட்டினால் மட்டும் போதாது. பாட்டில் துலக்கும் பிரஷ்ஷோ, கொஞ்சம் மணலும் நாரும் போட்டோ உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஆசைக்கு ஒரே ஒரு பாட்டில் வைத்துக்கொள்வதென்றால், வாயைக் கொடியைச் சுற்றித் துணியாலோ பஞ்சாலோ இடைவெளியில்லாமல் அடைத்து, வாரம் ஒரு நாள், அதுவும் மறக்காத ஒரு கிழமையில், தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்றுங்கள். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டிலும் இதே ஆபத்து உண்டு. தட்டில் மணலை நிரப்பி வைத்தால் வடிகிற தண்ணீர் மணலுக்குள் போய்விடும், மேலே தேங்காது.

இனி வெள்ளைக்கு வருவோம். இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது. அந்தப் பகுதி தனக்கு வேண்டிய உணவைத் தானே சமைக்காது, பக்கத்துப் பச்சைதான் அதற்கும் சேர்த்துச் சமைத்துப் போடுகிறது. வெளிச்சம் தாராளமாக இருக்கும்வரை செடிக்கு இது கட்டுப்படியாகும். இருட்டில் வைத்தால் கட்டுப்படியாகாது. பச்சை அதிகமுள்ள கிளைகள் வேகமாக வளர்ந்து முன்னே போகும், வெள்ளைக் கிளைகள் பின்தங்கும். ஒரு வருடத்தில் கொடி முழுக்கப் பச்சையாகத் தெரியும். வரவு குறைந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுபவர் எண்ணிக்கை குறைவது போலத்தான். செடி தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, நோய் ஒன்றுமில்லை. யூரியா இதற்கு மருந்தும் இல்லை. வேருக்கு மண்ணே இல்லாத பாட்டில் தண்ணீரில் யூரியா போட்டால் வேர் வெந்துபோகும். இரண்டு பாட்டிலில் நடந்தது அதுதான்.

வெளிச்சம் போதுமா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். மத்தியானம் செடி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ஒரு சாண் உயரத்தில் கையைப் பிடியுங்கள். ஓரம் மங்கலாக, ஆனால் கை என்று அடையாளம் தெரிகிற மாதிரி நிழல் விழுந்தால் அந்த இடம் சரி. நிழலே விழவில்லையென்றால் அங்கே பச்சை மணி பிளான்ட் பிழைக்கும், வெள்ளை நிற்காது. கத்தரித்த மாதிரி நிழல் விழுந்தால் நேர்வெயில் அடிக்கிறது, வெள்ளைப் பகுதி கருகும். தறி போடும் வீடுகளில் நல்ல வெளிச்சமுள்ள சன்னலைத் தறிதான் பிடித்திருக்கும், பிடிக்கவும் வேண்டும். பாவுக்கு மேலேயோ நெய்த சேலைக்கு அருகிலேயோ தொட்டியைத் தொங்கவிடாதீர்கள். ஒரு சொட்டு மண் தண்ணீர் பட்டில் விழுந்தால் அந்தக் கறைக்குச் செடி பதில் சொல்லாது, கூலியில்தான் பிடிப்பார்கள். கிழக்குப் பார்த்த திண்ணையோ முற்றத்துத் தாழ்வாரமோ இருந்தால் அதுவே முதல் இடம். காலை வெயில் ஒரு மணி நேரம் பட்டாலும் பரவாயில்லை. சித்திரை, வைகாசி மத்தியான வெயில் மட்டும் ஆகாது. தறி அறையில்தான் வேண்டும் என்றால், அதிகாலையிலேயே போடுகிற எல்.இ.டி. டியூப்லைட்டுக்கு அடியில், தறியை விட்டு விலகி, ஒன்றரை அடிக்குள் வையுங்கள். சன்னல் அளவுக்கு ஈடாகாது, ஆனால் இருட்டு மூலையைவிட எவ்வளவோ மேல்.

இடத்தை மாற்றினால் ஏற்கெனவே பச்சையான இலை வெள்ளையாகாது. அதற்குக் கத்தரிக்கோல் வேண்டும். கொடியைக் கையில் பிடித்து, நுனியிலிருந்து அடியை நோக்கித் தடவிக்கொண்டே வாருங்கள். இலையைப் பார்ப்பதோடு தண்டையும் பாருங்கள். வெள்ளைக் கோடு தண்டில் ஓடுகிற இடம் எங்கே நிற்கிறதோ அதுவரைதான் வெள்ளை உயிரோடு இருக்கிறது. கோடு ஒரு கணுவைத் தொட்டுச் சென்றால், அந்தக் கணுவின் மொட்டிலிருந்து வரும் தளிரில் வெள்ளை வர வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட கணுவுக்கு ஒரு விரல்கடை மேலே வெட்டுங்கள். முழுப் பச்சைக் கிளை எங்கே கண்டாலும் அடியோடு எடுத்துவிட வேண்டும், விட்டால் அதுதான் மற்றதைத் தின்னும். முழு வெள்ளையாக ஒரு தளிர் வந்தால் அதைப் பார்த்து மயங்க வேண்டாம். பச்சையே இல்லாத கிளையைத் தனியே நட்டால் தேறாது. கொடி முழுவதிலும் எங்கேயும் கோடு இல்லையென்றால், அந்தக் கொடியில் வெள்ளை திரும்ப வரும் என்று காத்திருப்பது வீண். அக்கம்பக்கத்தில் யாரிடமாவது நல்ல கோடுள்ள ஒரு கணு வாங்கி வைப்பதே வேலை.

வாங்கி என்று சொன்னதும் மாமியார் மறுப்பார். மணி பிளான்ட்டைத் திருடி வைத்தால்தான் தழைக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. இந்தச் செடி தானாகப் பூப்பதில்லை என்பதுதான் சுவாரசியமான உண்மை. பூக்கத் தேவையான ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கி இதில் போதிய அளவு உருவாவதில்லை என்று 2016-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தானாகப் பூத்ததாகப் பதிவான கடைசி வருடம் 1964. பூ இல்லையென்றால் விதையும் இல்லை. பசிபிக் பெருங்கடலில் மூரியா என்ற தீவில் பிறந்த ஒரு செடியிலிருந்து, வெட்டி நட்டு, வெட்டி நட்டே ஊர் ஊராகப் பரவியது இது. திருடினாலும் காசு கொடுத்தாலும் ஒரே துண்டுதான்.

வெட்டிய துண்டில் ஒரு இலையும் ஒரு கணுவும், கணுவில் சின்ன முளை போன்ற காற்று வேரும் இருந்தால் போதும். ஈர மணலில் கணு புதையும்படி நட்டால் வெயில் காலத்தில் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். மார்கழிக் குளிரில் இன்னும் இழுக்கும். பிறகு தொட்டிக்கு மாற்றலாம். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. தொட்டி பெரிதாக வேண்டாம், அடியில் ஓட்டை கட்டாயம் வேண்டும். மூன்று நான்கு துண்டுகளைச் சேர்த்து ஒரே தொட்டியில் நட்டால் பார்க்க அடர்த்தியாக இருக்கும்.

தண்ணீர் தினமும் ஊற்றுவதுதான் வீட்டுச் செடிகள் சாவதற்கு முதல் காரணம். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்ற வேண்டாம். கோடையில் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, ஐப்பசி கார்த்திகையில் எட்டு பத்து நாளுக்கு ஒருமுறை என்று வரும். ஊற்றும்போது அடியில் வடிகிற மாதிரி ஊற்றுங்கள். வெள்ளை ஓரம் பழுப்பாவதற்கு இரண்டு காரணங்கள் சந்தேகப்படலாம். ஒன்று வேர் ஊறிப்போவது, மற்றது போர் தண்ணீரின் உப்பு. தொட்டி ஓரத்தில் வெள்ளைப் பொருக்குப் படிந்தால் உப்புதான். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதை ஊற்றலாம், பிடித்த பாத்திரத்தை மூடி வையுங்கள். உரம் அதிகம் கேட்காத செடி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். தறி அறையில் பறக்கும் பட்டுத் தூசு இலை மேல் படியும். அதைப் பத்து நாளுக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தாலே பாதி உரம் போட்ட மாதிரி. மாவுப்பூச்சி கண்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து தெளிக்கலாம். ஆனால் தொட்டியை வெளியே கொண்டுபோய்த் தெளியுங்கள். எண்ணெய்ப் புகை பட்டில் படிந்தால் போகாது.

சாய வாடையை இந்தச் செடி உறிஞ்சிவிடும் என்று மகன் செல்போனில் பார்த்துச் சொன்னதாகவும் கடிதத்தில் இருக்கிறது. 1989-ல் நாசா செய்த சோதனையை வைத்துப் பரவிய பேச்சு அது. அந்தச் சோதனை நடந்தது சின்னதாக மூடிய அறைப்பெட்டியில். பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் கணக்குப் போட்டவர்கள், சன்னல் வழியாக இயல்பாக வந்துபோகும் காற்றுக்கு ஈடு கொடுக்க ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வேண்டியிருக்கும் என்றார்கள். செடியை வைத்துவிட்டுச் சன்னலைச் சாத்தாதீர்கள்.

வெட்டிய கொடிகளை என்ன செய்வது என்று கேட்டிருப்பதற்குத்தான் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆட்டுக்குப் போட வேண்டாம். மணி பிளான்ட் சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு குடும்பத்தைச் சேர்ந்தது. பச்சைச் சேப்பங்கிழங்கு கையில் பட்டால் அரிக்கிறதே, அந்த ஊசி போன்ற சுண்ணாம்புப் படிகங்கள் இதன் இலையிலும் தண்டிலும் உண்டு. கிழங்கை வேகவைத்து, புளி சேர்த்துச் சமாளிக்கிறோம், இதை யாரும் சமைப்பதில்லை. தவழும் குழந்தை இலையைக் கடித்தால் வாய் எரிந்து, எச்சில் வடிந்து, அழும். வாயில் இருப்பதை எடுத்துவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் பாலோ தண்ணீரோ கொடுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உதடோ நாக்கோ வீங்கினால், விழுங்கச் சிரமப்பட்டால், உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டில் தவழும் பிள்ளை இருக்கும்வரை கொடியின் நுனி மூன்றடி உயரத்துக்குக் கீழே வராமல் வெட்டி வையுங்கள்.

ஏரிக்கரையிலோ கால்வாயிலோ வீசவும் வேண்டாம். இலங்கையில் கண்டி நகரத்தை ஒட்டிய உடவத்தகெலே காட்டில் இந்தக் கொடி பல ஏக்கர் தரையையும் மரத் தண்டுகளையும் மூடி, மற்ற செடிகளை முளைக்கவிடாமல் செய்திருக்கிறது. தொட்டியில் கைவிரல் அளவு இலை விடுகிற அதே கொடி, மரத்தில் ஏறினால் முறம் அளவுக்கு இலை விடும். மாமரத்தில் அழகுக்கு ஏற்றிவிட்டவர்கள் பின்னால் அரிவாளோடு ஏறியிருக்கிறார்கள். தேவையில்லாத துண்டுகளை நன்றாக வெயிலில் காயவைத்துவிட்டுக் குப்பைக்குழியில் போடலாம்.

நல்ல கோடுள்ள துண்டுகளைக் குப்பைக்கு அனுப்ப வேண்டியதில்லை. வெள்ளை நிலைத்த ஒரு தாய்ச்செடி இருந்தால், மீந்த ஒவ்வொரு கணுவையும் சின்னப் பையில் வேர்விட வைத்து வாரச்சந்தையில் விற்கலாம். முழுப் பச்சையைவிடக் கோடு போட்டதற்கே கேட்பு அதிகம். பெரிய வருமானம் என்று நினைத்து இறங்க வேண்டாம், உப்பு புளி வாங்க ஆகும். பையில் கட்டிக் கொடுக்கும்போது, பாட்டிலில் வைக்காதீர்கள், மண்ணில் வையுங்கள் என்று வாங்குபவரிடம் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை மாமியாரிடமே விட்டுவிடலாம்.