பாடு யாருக்கோ, கேமரா அவருக்கே

என் பிள்ளைகளே, பழவேற்காட்டுப் பாடு முறை உங்களுக்குத் தெரியும். ஊர்க்கணக்கில் பேர் இருந்தால் மட்டும் போதாது. சீட்டில் யார் முறை வந்ததோ அவர்தான் அந்த இடத்தில் வலை கட்டலாம்.

பல பேர் பயன்படுத்தும் லினக்ஸ் கம்ப்யூட்டரும் அப்படித்தான். முன்னால் உட்கார்ந்து லாகின் செய்தவருக்கு மட்டுமே கேமராவைத் தரும். அடுத்தவர் கணக்குக்கு மாறினால் உரிமையும் மாறும். ஆனால் கேமரா வேலை செய்யவில்லை என்றதும் எல்லோரையும் ‘வீடியோ’ குழுவில் சேர்த்துவிடுகிறோம். நானும் ஒரு பயிற்சி மையத்தில் அப்படிச் செய்தவன்தான், பேரன் திட்டினான். குழுவில் இருப்பவருக்கு முறை கிடையாது. பெண் பிள்ளை ஒன்று உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பும்போது, நெட்வொர்க் வழியாக நுழைந்து கேமராவைத் திறக்கலாம். அவளுக்குத் தெரியாமலே போகலாம்.

மையம் நடத்துகிற பிள்ளைகள், அந்தக் குழுவில் யார் பேரெல்லாம் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.