எடை மெஷினில் தெரியாத பாரம்



போன மாதம் ஒரு கல்யாணத்தில் என் பழைய மாணவி ஒருத்தியைப் பார்த்தேன். பந்திக்குப் போகாமல் ஒதுங்கி நின்றாள். "சாப்பிடலையாம்மா?" என்றேன். "எல்லாரும் என் இலையைத்தான் பார்ப்பாங்க டீச்சர்" என்றாள். சர்க்கரை இருக்கிறதாம். ஆனாலும் டாக்டரிடம் போய் 2 வருஷம் ஆகிறதாம். எடை மெஷினில் ஏறச் சொல்வார்களே என்ற கூச்சம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐந்தாம் வகுப்பில் அவளை "குண்டம்மா" என்று செல்லமாகக் கூப்பிட்டவள் நான்தான். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்ததால் தப்பில்லை என்று நினைத்துவிட்டேன். (அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். யார் என்று தேடாதீர்கள்.)

உடம்பை அளக்கக் கணக்கு இருக்கிறது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. ஒன்றரை மீட்டர் உயரமும் 90 கிலோ எடையும் இருந்தால் 40 வரும். அது கடுமையான உடல் பருமன். ஆனால் மனசுக்குள் இருக்கும் அவமானத்தை அந்த எண் சொல்லாது.

அதையும் அளக்கலாம். 2010-ல் அமெரிக்காவில் ஜேசன் லில்லிஸ் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 12 வாக்கியங்கள் கொண்ட ஒரு படிவத்தை வெளியிட்டார்கள். 6 வாக்கியங்கள் தன்னைத்தானே மட்டமாக நினைப்பது பற்றி. 6 வாக்கியங்கள் மற்றவர்கள் ஒதுக்குவார்களோ என்ற பயம் பற்றி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண். மொத்தம் 12 முதல் 60 வரை. இந்தப் பரீட்சையில் மதிப்பெண் கூடினால் வேதனை கூடுதல் என்று அர்த்தம்.

உடல் பருமனுக்குச் சிகிச்சை தரும் இடங்களில் மெஷினில் ஏற்றும் முன் இப்படி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்பது என் கருத்து. கேட்டால் மட்டும் போதாது. மதிப்பெண் போட்டுவிட்டுப் பாடம் நடத்தாமல் போவது ஆசிரியர் வேலை இல்லை. மனநல ஆலோசனையும் தர வேண்டும்.

"நாலு வார்த்தை சொன்னால்தான் ரோஷம் வந்து குறைப்பாங்க" என்பார்கள் நம் வீட்டில். பரம்பரை, ஹார்மோன், சில மருந்துகள், தூக்கக் குறைவு என்று எடைக்குப் பல காரணங்கள். ரோஷம் இதில் எதைச் சரிசெய்யும்? என் மாணவியை அது டாக்டர் வாசலிலிருந்து திருப்பித்தான் அனுப்பியது.

அந்த இரண்டாவது 6 வாக்கியங்களின் மதிப்பெண் நம் வாயிலும் இருக்கிறது. அடுத்த விசேஷத்தில் யாரையாவது பார்த்தால், "என்ன இப்படி ஊதிட்டே?" என்று தொடங்காதீர்கள். "நல்லா இருக்கியாம்மா?" போதும்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அடுத்த வாரம் டாக்டரிடம் இருவரும் போகிறோம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்