முக்குளிப்போருக்கு ஒரு விடுதி

மேல்மலையனூர் வட்டத்து அன்பர் ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். மூன்று ஏக்கர் மணிலாக் கொல்லையை விற்று, வரும் பணத்தைக்கொண்டு புதுச்சேரிக்கு வடக்கே கடலோரத்தில் ஆறு அறைகளுள்ள சிறு விடுதியொன்று கட்டி, ஸ்கூபா முக்குளிப்புக்காக வருவோரைத் தங்கவைக்கலாமென்பது அவரது எண்ணம். உறவினர் யாவரும் இதைப் பைத்தியக்காரத்தனமென்கிறார்களாம். நமது அபிப்பிராயத்தைக் கேட்கிறார். ஒருவரது குடும்ப விஷயத்தில் பத்திரிகை தலையிடுவது வழக்கமன்று. ஆயினும் இந்த எண்ணம் இன்று நமது ஜில்லாவில் அவரொருவருக்கு மட்டும் தோன்றியதன்று. இதில் ஒரு பொதுநியாயமும் அடங்கியிருக்கிறது. ஆகவே இவ்விடத்திலேயே விடை கூறுகிறோம்.

முதலாவது, இது பைத்தியக்காரத்தனமன்று. மழை தவறினால் கொல்லை காயும். அறுவடைச் சமயத்தில் மழை மிகுந்தால் மணிலா மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். இரண்டுக்கும் தப்பினால் விலை சரியும். இந்நிலையில் வேறு பிழைப்பை நாடுவோனைப் பழிப்பது தகாது. மேலும், வந்தவரை உபசரிக்கும் தொழில் மேல்மலையனூராருக்குப் புதிதா? மாதந்தோறும் அமாவாசை இரவில் அங்காளம்மனின் ஊஞ்சல் உற்சவத்துக்கு வந்து குவியும் பெருங்கூட்டத்துக்குச் சோறும் நீரும் படுக்க இடமும் கொடுத்துப் பழகியவர்கள் அவ்வூரார். மறுநாள் தெரு வெறிச்சென்று கிடப்பதையும் கண்டவர்கள். கூட்டம் வரும் நாளில் சம்பாதித்து, வராத நாளில் பொறுத்திருக்கும் அந்தப் பயிற்சியே கடற்கரை விடுதிக்காரனுக்கு முதற்கண் வேண்டுவது.

செஞ்சிக்கோட்டை 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மராட்டியர் ஆண்ட பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதே. செஞ்சியிலேயே விடுதி வைக்கலாகாதா என்று சிலர் கேட்கலாம். தாராளமாக வைக்கலாம். ஆனால் ராஜகிரி பார்க்க வருவோரில் அநேகர் வெயிலேறுமுன் ஏறியிறங்கி, மாலைக்குள் திருவண்ணாமலைக்கோ புதுச்சேரிக்கோ போய்விடுகிறார்கள். முக்குளிப்போன் நிலை வேறு. ஆழத்தில் அழுத்தமேறிய காற்றைச் சுவாசிப்பதால் அவன் இரத்தத்திலும் தசையிலும் நைட்ரஜன் கரைகிறது; அது மெல்ல மெல்லவே வெளியேறவேண்டும். ஆதலின், பலமுறை மூழ்கியவன் கடைசியாகக் கரையேறிய பின் 18 மணி நேரமாவது விமானமேறலாகாதென்று முக்குளிப்பு வைத்தியர்கள் விதித்திருக்கிறார்கள். வெளியூரிலிருந்து ஆகாயமார்க்கமாக வந்தவன் ஓரிரவாவது கரையில் தங்கியே தீரவேண்டும். எந்த விளம்பரமும் செய்யாத உபகாரத்தை விடுதிக்காரனுக்கு நைட்ரஜன் செய்கிறது. (அந்த ஓய்வு நாளில் விருந்தினரை வண்டியேற்றிவந்து ராஜகிரி ஏற்றலாமென்று நமது அன்பர் எண்ணியிருந்தால் அதை விட்டுவிடுவாராக. மூழ்கிய கையோடு கடும் தேகப்பிரயாசை கூடாது.)

இவ்விடுதிக்கு மாடமாளிகை வேண்டுவதில்லை. விடியுமுன் புறப்படுவோருக்குச் சூடான ஆகாரம், உப்பேறிய உடுப்புகளை அலசத் தாராளமான நல்ல தண்ணீர், அவற்றை உலர்த்த நிழலுள்ள கொடி, காற்று ஸிலிண்டர்களைப் பத்திரமாக வைக்க ஓரிடம், இவ்வளவுதான். ஆனால் கடல் எப்போதும் இடங்கொடாது. வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுவெள்ளம் இறங்கி நீர் கலங்கிவிடும். பருவம் கழிந்த பின்னும் ஒருநாள் தெளிவு மறுநாள் இராது. அறை காலியாயிருக்கும் மாதத்திலும் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும் என்பதை அன்பர் தமது கணக்கிற் சேர்க்கவேண்டும். சேர்த்ததாகக் கடிதத்தில் காணோம்.

இதுவரை கூறியது வரவுசெலவு. பொதுநியாயம் இனிமேல்தான்.

தமிழன் கடலில் மூழ்குவது ஐரோப்பியர் ரப்பர் உடுப்போடு வந்த பிறகு தொடங்கியதன்று. கொற்கைக் கடலில் முத்துக்குளிக்கும் வேலையைத் தண்டனை பெற்ற கைதிகளைக்கொண்டு செய்வித்தார்களென்று சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முற்பட்ட கிரேக்க மாலுமி நூலான பெரிப்ளூஸ் கூறுகிறது. அன்று தொட்டு மூழ்கினவன் ஒருவன், முத்தை எண்ணினவன் வேறொருவன். பாண்டியர் போய்ப் போர்ச்சுகீசியரும், அவர் போய் டச்சுக்காரரும், அவர் போய் ஆங்கிலேயரும் வந்தனர்; மூழ்கியவர் மட்டும் அதே பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களுமே. ஆங்கிலேயர் நடத்திய இலங்கைச் சலாபத்தில் உயிரைப் பணயம் வைத்துச் சிப்பி எடுத்தவனுக்கு மூன்றிலொரு பங்கு, கரையில் நின்ற சர்க்காருக்கு இரண்டு பங்கு. மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில் சலாபம் கூடியபோதெல்லாம் வெறும் மணலில் ஓலைக்கொட்டகைகளாலாகிய ஒரு பட்டணமே சில வாரங்களுக்கு எழுந்து நிற்கும். பின்னாளில் பெயர்பெற்ற எழுத்தாளர் லெனார்ட் உல்ஃப், இளம் உத்தியோகஸ்தராக 1906இல் அங்கே வேலை பார்த்தவர். அதே 1906இல் அச்சலாபம் ஓர் ஆங்கிலக் கம்பெனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. சில ஆண்டுகளிலேயே சிப்பி அற்றுக் கம்பெனியும் கலைந்தது. தூத்துக்குடிப் பக்கத்தில் 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசித் தொடர்ச் சலாபம். குளியாட்களை நம்பிக் கொட்டகை போட்டவர்கள் சிப்பி போனதும் என்ன ஆனார்களென்று எவரும் எழுதிவைக்கவில்லை.

இன்றைய முக்குளிப்பு, முத்தையன்று, காட்சியை நாடுவது. ஆனால் பங்கீட்டு நியாயம் பெரிதும் மாறிவிடவில்லை. முக்குளிப்பவனுக்குத் தகுதிப் பத்திரம் கொடுப்பவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தோன்றிய ஸ்தாபனங்கள். கருவிகளிற் பெரும்பாலானவை வெளிநாட்டுச் சரக்கு. கரையிலுள்ள கோபுரத்தையும் பனையையும் குறிவைத்து நடுக்கடலில் பார் இருக்குமிடத்தைச் சொல்லத் தெரிந்த கிழவனோ குப்பத்தில் வலை பின்னிக்கொண்டிருக்கிறான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவாயின. பவளப்பாறை காக்கப்படவேண்டியதே, அதில் நமக்குத் தடையில்லை. ஆனால் அத்தீவுகளின் ஓரத்தில் முகக்கண்ணாடி ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டு மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்களை அத்துமீறினவர்களென்று விரட்டும் தேசத்தில், பணம் கொடுத்து மூழ்குவோனுக்குப் பூச்செண்டு கொடுத்து வரவேற்பதைக் காணும்போது நமக்குக் கூச்சமாயிருக்கிறது.

இத்தொழிலில் சிறு முதலுள்ள நம்மவர் கையில் நிற்கக்கூடியவை மூன்றே: படகு, பாரைப்பற்றிய அறிவு, தங்குமிடம். முதலிரண்டும் குப்பத்தாருடையவை. மூன்றாவதையே நமது அன்பர் கேட்கிறார். அதை அவர் குப்பத்தாரை விலக்கி நடத்துவாரா, கூட்டி நடத்துவாரா என்பதே கேள்வி. விலக்கி நடத்தினால் என்னவாகுமென்று காணக் கடல்கடந்து வெகுதூரம் போகவேண்டியதில்லை. மட்டக்களப்புக் கடலில், 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மீஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. அதைப் பார்க்கவே உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் முக்குளிப்போர் வருகிறார்கள். அதற்கு வடக்கே பாசிக்குடாவில், 2009இல் யுத்தம் முடிந்த பின் பெரிய ஹோட்டல்கள் வரிசையாக எழுந்தன. அக்கரையில் தோணி இழுத்து வைத்திருந்த மீனவர் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். கடல் தமிழருடைய வாசலில், கல்லாப்பெட்டி வேறிடத்தில்.

இனிச் சட்டத்தையும் மணலையும் பற்றிச் சிறிது சொல்வோம். புதுச்சேரித் துறைமுகத்துக்காக 1980களில் கடலுக்குள் கல்லணைகள் நீட்டப்பட்டதால், வடக்கு நோக்கிச் செல்லும் மணல் தடைப்பட்டு, அப்பக்கத்துக் கரை அரிக்கப்பட்டது. அவ்வரிப்பு எல்லை தாண்டி நமது விழுப்புரம் ஜில்லாவின் பொம்மையார்பாளையம் வரை வீடுகளை விழுங்கியிருக்கிறது. அன்பர் இடம் பார்த்திருப்பதும் அதே வடதிசையில்! கடலோர ஒழுங்குமுறை பற்றிய 2011ஆம் ஆண்டு அறிவிக்கை, கிராமக் கரையில் உயரலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாதென்றது. 2019ஆம் ஆண்டு அறிவிக்கை, சதுரக் கிலோமீட்டருக்கு 2,161 பேருக்குமேல் நெருங்கி வாழும் கிராமங்களில் அதை 50 மீட்டராகக் குறைத்தது. மற்றவற்றில் 200 மீட்டரே. இந்தச் சலுகையும் அந்தந்தக் கரையின் வரைபடம் திருத்தி அங்கீகரிக்கப்பட்ட பின்னரே செல்லும். நிலத்தரகன் சொல்வது சட்டமாகாது. அதே 2019 அறிவிக்கையில், மீனவருட்பட்ட உள்ளூரார் தங்கள் வீட்டின் அடித்தளப் பரப்பையும் முகப்பையும் மாற்றாமல் அதிலேயே பிரயாணிகளைத் தங்கவைக்கலாமென்றும் கண்டிருக்கிறது. வழக்கறிஞன் என்ற முறையில் இதைப் படித்தபோது, அன்பருடைய விடுதி இந்த ஒரு வாக்கியத்திலேயே இருக்கிறதென்று நமக்குத் தோன்றிற்று.

ஆதலால் நமது யோசனை இது. போகட்டும், கொல்லையை விற்றுவிட்டுப் போகவேண்டாம். ஆர்தர் கிளார்க் கடல்மேல் கொண்ட ஆசையால் 1956இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்தவர். திருகோணமலைக் கடலடியில் பழைய கோணேசர் கோயிலின் இடிபாடுகளைத் தம் தோழரோடு கண்டவர். ஹிக்கடுவையிலிருந்த அவரது முக்குளிப்புப் பள்ளியை 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை அழித்தது. உலகப் புகழ்பெற்றவருடையது, மறுபடியும் எழுந்தது. மூன்று ஏக்கரை விற்றவருக்கு மறுபடி யார் கட்டித்தருவார்? எனவே கொல்லையைக் குத்தகைக்கு விட்டு, குப்பத்திலே இரண்டு மூன்று மீனவர் குடும்பங்களோடு பங்கு பேசி, அவர்கள் வீட்டிலேயே அறைகளை ஒழுங்குபடுத்தி, படகும் அவர்களுடையதேயாக, சமையலும் அவர்கள் பெண்மக்கள் கையாலேயாக, கணக்கும் கடிதப் போக்குவரத்தும் தம்முடையதாக ஒரு வருஷம் நடத்திப் பார்க்கட்டும். ஏரியிலும் ஆற்றிலும் வலைவீசிய பர்வதராஜ குலத்தார் பூசை செய்யும் அம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவருக்கு மீனவரோடு பங்காளியாயிருப்பது குறைவாகத் தோன்றாது.

ஆபத்தைப் பற்றியும் அறிந்து கொள்ளட்டும். தென்கடலில் சங்கு குளிப்போரில், கம்ப்ரஸர் குழாய்வழி காற்று வாங்கி ஆழத்தில் நெடுநேரமிருந்து விரைவாக மேலேறியதால் கைகால் விளங்காமற் போனவர்கள் உண்டு. அப்படி நேர்ந்தவனை வைத்துச் சிகிச்சை செய்யும் மறு அழுத்த அறை எந்த ஆஸ்பத்திரியிலிருக்கிறது, அங்கே போய்ச்சேர எத்தனை மணி நேரமாகும், வழியில் கொடுக்கப் பிராணவாயு உண்டா என்பவற்றுக்கு விடை தெரியாத விடுதியில் முக்குளிப்போன் ஒருவனும் படுக்கலாகாது.

சர்க்காரையும் இரண்டு கேட்கவேண்டியிருக்கிறது. முக்குளிப்பு வழிகாட்டிக்கான படிப்பைக் குப்பத்து இளைஞர் தமிழிலேயே கற்றுத் தேறும்படியும், அதன் கட்டணத்தை மீன்வளத் துறையே ஏற்கும்படியும் செய்யவேண்டும். ஆங்கிலம் வராதென்பதற்காக, பிறந்தது முதல் நீந்தியவன் கூலியாளாகவும், நேற்று நீந்தப் பழகியவன் எஜமானனாகவும் இருப்பது அநியாயம். இரண்டாவது, உயரலைக் கோடு எந்தச் சர்வே நம்பர் வழியாகப் போகிறதென்பதைக் காட்டும் வரைபடத்தைத் தமிழில் அச்சிட்டு, மரக்காணம், வானூர் வட்டங்களின் ஒவ்வொரு குப்பத்துப் பஞ்சாயத்துக் கட்டடத்திலும் ஒட்டிவைக்கவேண்டும். அது வரும்வரை அன்பர் கலெக்டர் ஆபீஸுக்கே நேரிற் போய் அதைப் பார்த்துவிட்டு, அதன் பின்னரே எவருக்கும் முன்பணம் கொடுப்பாராக.