அளவறிந்து அளிப்பதே மருந்து

நோயுற்றவனின் நிலை, நோயின் வன்மை, காலம் ஆகிய மூன்றையும் ஆராய்ந்தே மருத்துவன் செயற்பட வேண்டும் என்பது ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை வகுத்த நெறி. கிருமிகொல்லி மருந்துகள் பெருகிய இக்காலத்தில், அந்நெறியின் உண்மையை அறிவியலார் கணிதத்தால் நிறுவி வருகின்றனர்.

உட்கொண்ட மருந்து குருதியிற் கலந்து உடலெங்கும் பரவுகின்றது, கல்லீரல் அதனை மாற்றுகின்றது, சிறுநீரகம் வெளியேற்றுகின்றது. நீர் நிறைந்து மதகு வழியே வடியும் குளத்தை இதற்கு உவமையாகக் கூறலாம். குளத்தின் பரப்பும் மதகின் அகலமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். கருவுற்ற பெண்ணின் சிறுநீரகம் விரைந்து தொழிற்படுவதால் அமொக்சிசிலின் விரைவில் வடிந்துவிடும். முதியோரின் சிறுநீரகம் தளர்வதால் ஜென்ராமைசின் தேங்கிச் செவிக்குக் கேடு செய்யும். பச்சிளங்குழந்தையரின் கல்லீரல் முதிராமையால் குளோரம்பெனிக்கோல் தேங்கி உயிர் குடித்தமை 1959இல் அமெரிக்காவில் வெளிப்பட்டது. ஆதலின், பலரிடமிருந்து சிறிதளவு குருதி பெற்று, அதிலுள்ள மருந்தை அளந்து, வயது, எடை, சிறுநீரகத்தின் வலிமை ஆகியவற்றோடு இணைத்துக் கணித மாதிரி அமைக்கின்றனர். எவர்க்கு எவ்வளவு, எத்தனை மணிக்கொருமுறை என்பதை அம்மாதிரி உணர்த்தும்.

இத்துறையில் தமிழகம் பின்தங்கியதன்று. 1956இல் சென்னையில் தோன்றிய காசநோய் ஆய்வு நிலையம், ஐசோனியசிட் மருந்தைச் சிலர் உடல் விரைவாகவும் சிலர் உடல் மெதுவாகவும் செயலிழக்கச் செய்வதை ஆராய்ந்தது. வாரம் ஒருமுறை மருந்துண்டபோது, விரைவாகச் செயலிழக்கச் செய்வோர்க்குப் பயன் குறைந்தது. குழந்தையரின் உடலும் அம்மருந்தை விரைந்து அகற்றுவதைப் பல நாட்டாய்வுகள் காட்டின. உலக சுகாதார நிறுவனம் 2010இல் அவர்க்குரிய அளவை, எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமிலிருந்து 10 மில்லிகிராமாக உயர்த்தியது.

பொகவந்தலாவைத் தோட்டங்களில் உழைப்போரின் முன்னோரும் தமிழகத்தினின்று வந்தோரே. எனினும் அவர்தம் வாழ்வும் ஊட்டமும் வேறு. 2016ஆம் ஆண்டுத் தேசியக் கணக்கெடுப்பின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையருள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் அற்றவர். இத்தகைய உடலில் மருந்து எவ்வாறு இயங்கும் என்பதைப் பிறநாட்டு உடல்களைக் கொண்டு ஊகித்தல் முறையாகுமா?

“ஏழைக்கு மருந்து கிடைப்பதே அரிது, அளவாராய்ச்சி எதற்கு?” என வினவுவாரும் உளர். ஏழைக்கே அது முதன்மையாக வேண்டும் என்பேன். அளவிற் குறைந்த மருந்து கிருமியை அழிக்காது. அதனை எதிர்த்து வாழப் பழக்கும். பழகிய கிருமியை வெல்ல விலையுயர்ந்த மருந்தை நாடும் ஆற்றல் லயத்தில் வாழ்வோர்க்கு ஏது?

எனவே, கொழுந்தை நாள்தோறும் நிறுக்கும் தோட்டத்தில், கொழுந்து பறிப்பவளையும் அவள் குழந்தையையும் நிறுத்த பின்னரே மருந்து அளிக்கப்படுக. மக்களும் மாத்திரையைப் பாதியாக்கிப் பகிரும் வழக்கத்தை ஒழிப்பாராக. நம் கல்லூரி ஈன்ற மருத்துவர்களும் கணித வல்லுநரும் தம் ஆய்வுகளில் மலையக மக்களையும் சேர்ப்பாராக. தம்மை வளர்த்த கல்விக்கு அவர்கள் ஆற்றும் கைம்மாறு இதனினும் சிறந்ததொன்று உண்டோ?